கணினி எழுந்திருக்க எட்டு நிமிடம்: எதை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது?

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு 46 வயது. வீட்டிலிருந்தபடியே ஏழெட்டுக் கடைகளுக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் கணக்கு எழுதித் தருகிறார். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், தமிழில் கடிதம் தட்டச்சு எல்லாம் 2017ல் வாங்கிய ஒரே லேப்டாப்பில்தான். கோர் ஐ3 6006யூ பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. "பட்டனை அழுத்திவிட்டுப் போய் ஒரு ஈடு இட்லி ஊற்றி எடுத்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். எட்டு நிமிடமாம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வீடியோவைப் பார்த்து விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்று அமைக்கும் எம்எஸ்கான்ஃபிக் பகுதியைத் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் 'டிஸேபிள் ஆல்' கொடுத்திருக்கிறார். மறுநாள் வைஃபையும் இல்லை, சத்தமும் இல்லை. சர்வீஸ் கடையிலிருந்து ஒருவர் வந்து சரிசெய்தார். அடுத்த முறை நேரில் வராமலே பார்த்துக்கொள்ளலாம் என்று தூரத்திலிருந்து கணினியை இயக்கும் நிரல் ஒன்றையும், வேகத்துக்கென்று ஒரு 'பூஸ்டர்' நிரலையும் போட்டுவிட்டுப் போனார். அந்த பூஸ்டர் தினமும் காலையில் சிவப்புப் பெட்டியில் 1,243 பிழைகள் என்று காட்டிப் பணம் கேட்கிறது.

பிறகு கல்லூரியிலிருந்து வந்த மகன், கணினி தொடங்கும்போது தானாகத் திறக்கும் நிரல்களின் ஸ்டார்ட்அப் பட்டியலில் இருந்த அத்தனையையும் நிறுத்தியிருக்கிறார். வேகம் கொஞ்சம் கூடியது. ஆனால் தமிழ் தட்டச்சு வரவில்லை. 20ஆம் தேதி இரவு, கம்பெனி ரிட்டர்னில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் இடத்தில், அந்தக் கையெழுத்தை ஜிஎஸ்டி தளத்துக்குக் கொண்டுசேர்க்கும் எம்சைனர் நிரலுடன் இணைப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் திரும்ப இயங்கவிட்டுவிட்டார். அந்த முழுப் பட்டியலையும் தாளில் எழுதி அனுப்பியிருக்கிறார். எதை நிறுத்தலாம், நிறுத்தினால் அழிந்துவிடுமா, பூஸ்டருக்குப் பணம் கட்டலாமா, புது லேப்டாப்பே வாங்கிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். நடுவில், கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கனைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி: "கம்பெனி டோக்கன் எப்போதும் லேப்டாப்பிலேயேதான் இருக்கும். பின் நம்பர் மறந்துவிடும் என்று மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு காரியத்தைச் செய்துவிட்டு மேலே படியுங்கள். லேப்டாப்பில் செருகியிருக்கும் அந்த டோக்கனைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மூடியில் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளையும்விட, கேட்காமல் விட்ட இந்த விஷயம்தான் என்னை உறுத்துகிறது.

இனி அந்த எட்டு நிமிடத்துக்கு வருவோம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் திரை வரும்வரை ஒன்று. பாஸ்வேர்டு போட்டதிலிருந்து கணினி சொன்னபடி கேட்கும்வரை மற்றொன்று. உங்கள் மகன் நிறுத்திய ஸ்டார்ட்அப் நிரல்கள் எல்லாம் இரண்டாவது பாதியில்தான் ஓடும். முதல் பாதியே நான்கு நிமிடம் என்றால், பட்டியல் முழுவதையும் துடைத்தாலும் அந்த நான்கு நிமிடம் அப்படியேதான் இருக்கும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பாஸ்வேர்டு போட்டவுடன் அதைத் திறந்து 'டிஸ்க்' என்ற பத்தியைக் கவனியுங்கள். உங்களுடையது போன்ற லேப்டாப்கள் என் மேஜைக்கு வரும்போது, அந்த எண் 100 சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிமிடக்கணக்கில் இறங்காது. பிராசஸர் 20, 30 சதவீதத்தில் சும்மா காத்துக்கொண்டிருக்கும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டு. அதைப் படிக்கும் முள் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். இத்தனை நிரல்களும் ஒரே சமயத்தில் தன் கோப்பைக் கேட்டால் முள் தட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடியே களைத்துப்போகும். இதில் 4 ஜிபி ரேம் நிரம்பிவிட்டால், இடம் போதாமல் விண்டோஸ் அதே டிஸ்கில் தற்காலிகமாக எழுதவும் ஆரம்பிக்கும். காத்திருப்பவர்கள் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல, விண்டோஸும்தான்.

தினமும் இரவு ஷட் டவுன் செய்வதாகவும், அதனால் காலையில் எல்லாம் புதிதாகத் தொடங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் 8லிருந்து அது முழு உண்மை இல்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸ் தன் உட்பகுதியின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. உண்மையில் முழுதாகத் தொடங்குவது 'ரீஸ்டார்ட்' கொடுக்கும்போதுதான். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துவிடுங்கள்.

நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் 'டிஸேபிள்' கொடுத்தால் எதுவும் அழியாது. "நானாகக் கூப்பிடும்வரை வராதே" என்று சொல்வது மட்டும்தான் அது. ஐகானைத் தட்டினால் அந்த நிரல் வழக்கம்போலத் திறக்கும். அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்தால் மறுநாள் காலை திரும்பவும் தானாக வரும். 20ஆம் தேதி இரவு டோக்கனோடு வந்த நிரலைத் திறந்து, எம்சைனர் ஐகானை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கையெழுத்து விழுந்திருக்கும். ஒன்றும் தொலைந்துபோகவில்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

மகன் செய்ததில் பாதி சரி. பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தது சரி. பெயர் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியதுதான் தவறு, ஏனென்றால் எதனால் எது நின்றது என்று பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் ஸ்டார்ட்அப் பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று மட்டும் நிறுத்துங்கள். அன்று முழு வேலையையும் செய்து பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் மறுநாள் அடுத்த மூன்று. ரிட்டர்ன் போடும் 18, 19, 20 தேதிகளில் எதையும் தொடாதீர்கள்.

அந்தப் பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்று ஒரு பத்தி இருக்கும். 'ஹை' என்று போட்டிருந்தால் அது கெட்ட நிரல் என்று நினைத்து நிறுத்தியதாக மகன் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் கணினியின் சுமையை மட்டுமே சொல்கிறது. தொடங்கும்போது பிராசஸரை ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, டிஸ்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ 'ஹை'. இரண்டிலும் மிகக் குறைவாக, அதாவது 300 மில்லிசெகண்டுக்கும் 300 கேபிக்கும் உள்ளே அடங்கினால் 'லோ'. உங்களுக்கு அது தேவையா என்பது விண்டோஸுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் பட்டியல்

நிறுத்தலாம் என்று தயங்காமல் சொல்லக்கூடியவை: மகளின் பாட்டு நிரல், மகனின் விளையாட்டுக் கடை நிரல், டீம்ஸ், ஜூம், பிடிஎஃப் படிக்கும் நிரலின் அப்டேட்டர், பிரிண்டரின் மை அளவைக் காட்டும் சிறு நிரல். இவற்றில் எதை நிறுத்தினாலும் பிரிண்ட் எடுப்பதும் மீட்டிங்கில் சேர்வதும் நிற்காது. சில நிரல்கள் அப்டேட் ஆனதும் திரும்பப் பட்டியலில் வந்து உட்காரும். அப்படி வந்தால் அந்த நிரலுக்குள்ளேயே செட்டிங்ஸில் 'விண்டோஸ் தொடங்கும்போது திற' என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

விட்டுவைக்க வேண்டியவை: என்எச்எம் ரைட்டர். நீங்கள் தினமும் தமிழில் தட்டச்சு செய்கிறீர்கள், அது பெரிய சுமையும் இல்லை. டச்பேடு, ஆடியோ நிரல்கள். டோக்கனோடு வந்த சிறு நிரல். டோக்கனைச் செருகியதும் உள்ளே இருக்கும் சான்றிதழை விண்டோஸுக்குக் காட்டிக்கொடுப்பது அதுதான். எம்சைனர் மட்டும் உங்கள் விருப்பம். கம்பெனிக்கு மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் கையெழுத்து என்பதால் நானாக இருந்தால் நிறுத்திவைத்து, தேவைப்படும் நாளில் கையால் திறப்பேன். மற்ற கடைகள் ஓடிபி போட்டு முடிப்பவை என்பதால் அவற்றுக்கு எம்சைனர் வேண்டாம்.

ஒன்டிரைவ் பற்றி அவசரப்படாதீர்கள். உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் கோப்புகளின் ஓரத்தில் சின்ன மேகக் குறியோ பச்சை டிக்கோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவை இணையத்தில் பிரதி ஆகிக்கொண்டிருக்கின்றன. ஒன்டிரைவை நிறுத்தினால் அன்றோடு பிரதி எடுப்பதும் நிற்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அந்தக் குறி எதுவும் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

'விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன்' என்பதை நிறுத்தினால் வைரஸ் பாதுகாப்பு போய்விடாது, மூலையில் உள்ள கேடய ஐகான் மட்டும்தான் மறையும். இருந்தாலும் அது இருக்கட்டும். உங்கள் பட்டியலில் வேறொரு ஆன்டிவைரஸ் இருக்கிறது, லேப்டாப்போடு வந்து காலாவதியானது. இதை 'டிஸேபிள்' செய்து பயனில்லை. செட்டிங்ஸ், ஆப்ஸ் போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அது போனதும் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

"புரோகிராம், புரோகிராம் என்று இரண்டு வரி, கம்பெனி பெயரே இல்லை, வைரஸா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. என்றோ நீக்கிய நிரல் ஒன்று தன் முகவரியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற முகவரியில் நடுவே இடைவெளி இருப்பதால், கோப்பைக் காணாத விண்டோஸ் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அப்படிக் காட்டுகிறது. பத்திகளின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்பதை டிக் செய்தால் முழு முகவரி தெரியும். உங்களுக்குத் தெரிந்த பழைய நிரலின் பெயர் அதில் இருந்தால் நிறுத்திவிட்டு மறந்துவிடலாம். தற்காலிகக் கோப்புகளுக்கான 'டெம்ப்' ஃபோல்டரிலிருந்து ஓடுவதாக இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.

எம்எஸ்கான்ஃபிக் பக்கம் இனி போகாதீர்கள்

சர்வீசஸ் பக்கத்தில் இருப்பவை விண்டோஸின் உள்வேலைக்காரர்கள். வைஃபையை இணைப்பது ஒன்று, சத்தத்தைக் கொண்டுவருவது ஒன்று. 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்ற கட்டத்தை டிக் செய்யாமல் டிஸேபிள் ஆல் கொடுத்தால் அவர்களும் சேர்ந்து போவார்கள். உங்களுக்கு நடந்தது அதுதான். அதே வீடியோ சொன்னபடி 'நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்' என்ற இடத்தில் 4 என்று போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் வேகம் கூடாது. அந்த டிக் இல்லாதபோதே விண்டோஸ் எல்லா கோர்களையும் பயன்படுத்தும். அது சோதனைக்காகக் குறைத்துப் பார்க்க வைத்திருக்கும் இடம். பக்கத்திலேயே இருக்கும் 'மேக்ஸிமம் மெமரி'யில் தவறான எண் விழுந்தால் இருக்கிற ரேமும் முடங்கும். இரண்டு டிக்குகளையும் எடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இப்போது அந்த டோக்கன்

சர்வீஸ் கடைக்காரர் போட்டுவைத்த, தூரத்திலிருந்து இயக்கும் நிரல் எனிடெஸ்க்கோ டீம்வியூவரோ வேறு எதுவோ, பெயரை நீங்கள் எழுதவில்லை. அவை நல்ல கருவிகள்தான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த நிரல் கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கி, 'ஆள் இல்லாதபோதும் நுழையலாம்' என்று ஒரு நிரந்தரப் பாஸ்வேர்டும் வைத்திருந்தால், உங்கள் வீட்டுச் சாவியின் நகல் ஒன்று வெளியே இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கடையில் வேலை செய்து போன பையனுக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரிந்திருக்கலாம். ஒரு பெரியவரின் கணினியை ஒருமுறை பார்த்தேன். நிரந்தரப் பாஸ்வேர்டாகச் சர்வீஸ் செய்தவரின் கடை போன் நம்பரையே போட்டிருந்தார்கள். கடைப் பலகையைப் பார்த்தவர் எவரும் உள்ளே வந்திருக்கலாம். அந்தப் பெரியவருக்கு நான் சொல்லும்வரை தெரியாது.

உங்கள் மேஜையில் அந்தச் சாவியோடு கம்பெனியின் கையெழுத்தும் சேர்ந்து கிடக்கிறது. டோக்கன் செருகியே இருக்கிறது. பின் எண் உங்களுக்கு நினைவில்லாமல், எப்போதாவது ஒரு நாள் திரையில் ஒரு குறிப்பாகவும் தட்டிவைத்திருக்கலாம். உள்ளே வருபவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000ன் 42ஆம் பிரிவுப்படி, தன் கையெழுத்துக்கான ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டியவர் யார் பெயரில் சான்றிதழ் இருக்கிறதோ அவர். கைமாறிவிட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் சான்றிதழ் வழங்கிய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டியவரும் அவரே. இங்கே அவர் அந்தக் கம்பெனி இயக்குநர், நீங்கள் இல்லை. கணக்கு எழுதுபவர் வீட்டில் வாடிக்கையாளரின் டோக்கன் இருப்பது நம் ஊரில் சாதாரணம் என்று எனக்குத் தெரியும். வேலை நடக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில்தான் வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு அவர் போடாத கையெழுத்து ஒன்று எங்காவது விழுந்தால், முதலில் திரும்பிப் பார்ப்பது உங்களைத்தான். டோக்கனை அவரிடமே கொடுத்துவிட்டு, கையெழுத்து நாளன்று அவர் வந்தோ நீங்கள் போயோ முடிப்பது இருவருக்கும் நல்லது. தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டுங்கள்.

அந்த ரிமோட் நிரலை ஸ்டார்ட்அப்பில் நிறுத்தினால் போதாது. இவை பெரும்பாலும் சர்வீஸாகப் பதிந்திருக்கும், ஸ்டார்ட்அப் பட்டியலில் பெயரே வராமலும் இருக்கலாம். ஆப்ஸ் பக்கத்தில் தேடி அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு ரீஸ்டார்ட். அதன் பின் வங்கி, மின்னஞ்சல், ஜிஎஸ்டி தளப் பாஸ்வேர்டுகளை உங்கள் மொபைலிலிருந்து மாற்றுங்கள். டோக்கனின் பின் எண்ணை இயக்குநரை வைத்துக்கொண்டு மாற்றுங்கள். தவறான எண்ணைப் பலமுறை போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், நிதானமாகச் செய்யுங்கள். இனி ரிமோட்டில் உதவி தேவைப்பட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் நிறுவி, நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்து, முடிந்ததும் நீக்கிவிடலாம். வங்கிக் கணக்கில் நீங்கள் செய்யாத பரிமாற்றம் ஏதாவது கண்ணில் பட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பூஸ்டருக்குக் காசு கட்ட வேண்டாம்

அந்த 1,243 என்பது பெரும்பாலும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய குறிப்புகளின் எண்ணிக்கை. அவை இருப்பதால் உங்கள் கணினி மெதுவாகவில்லை. இத்தகைய ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. தினமும் காலையில் எழுந்து டிஸ்க் முழுவதையும் துழாவும் அந்த பூஸ்டரும் உங்கள் எட்டு நிமிடத்தில் ஒரு பங்கு. அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

நீக்கிய பிறகும் பெட்டி வந்தால், அது, குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருக்கும். அங்கே பார்க்க 'ஆட்டோரன்ஸ்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது, 2006லிருந்து மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கிறது. தானாகத் தொடங்கும் அத்தனையையும், சர்வீஸ் முதல் ஷெட்யூலர் வரை, ஒரே இடத்தில் காட்டும். ஆனால் அதை நீங்கள் தனியாகத் தொட வேண்டாம். மகன் வரும்போது, மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்துவிட்டு, டிக்கை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். டெலீட் வேண்டாம்.

புது லேப்டாப்பா?

அவசரம் இல்லை. பட்டியலைச் சரிசெய்தால் எட்டு நிமிடம் நான்கோ ஐந்தோ ஆகலாம். அதற்குக் கீழே இறங்க வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். சுற்றும் தட்டும் ஓடும் முள்ளும் இல்லாதது அது. அதன் பிறகு உங்கள் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும் என்பது நான் பல இதே வகை லேப்டாப்களில் கண்டது. பணம் மிச்சமிருந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டிதான். மாற்றுவதற்கு முன் டேலி டேட்டாவைப் பென் டிரைவில் பேக்அப் எடுங்கள். டேலி லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டு, மாற்றிய பின் திரும்ப ஆக்டிவேட் செய்யுங்கள். இதை மறந்துவிட்டு அவதிப்பட்டவர்கள் நிறைய.

ஒரு குறை உண்டு. உங்களுடையது ஆறாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதில் சேரலாம், உடனே சேர்ந்துவிடுங்கள். பிறருடைய கணக்கும் பாஸ்வேர்டும் இருக்கும் கணினி என்பதால் அந்தத் தேதிக்குப் பிறகு இதில் ஜிஎஸ்டி வேலை செய்வதை நான் விரும்பவில்லை. இப்போது வாங்கும் எஸ்எஸ்டியைப் பிறகு யுஎஸ்பி உறையில் போட்டு பேக்அப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம், வீணாகாது.

நாளைக் காலை அந்த இரண்டு நேரங்களையும் குறித்து அனுப்புங்கள். பாஸ்வேர்டு போட்டபின் டிஸ்க் 100லிருந்து எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்பதையும், ரிமோட் நிரலின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.